றோபோவும் காலி வீதிக் கான் மூடியும்

கேள்வி: அண்மையில் வந்த பெரிய பட்ஜெட் றோபோச் சண்டைப் படத்தைக் குடும்பத்தோடு 3டியில் பார்த்தோம். மகன் ‘செம’ என்கிறான். மச்சான், ‘லொஜிக்கே இல்லை, 17 மீற்றர் உயர இரும்பு மனிதன் ஓடினால் தார் றோட்டு புதைந்து போகாதா?’ என்கிறார். எனக்குத் தலைவலிதான் மிச்சம். யார் சொல்வது சரி?
– ச.ம., கொட்டாஞ்சேனை

பதில்: உங்கள் வீட்டில் நான் நம்புவது உங்கள் தலைவலியைத்தான். மகனுக்குப் படத்தின் மேல் பாசம், மச்சானுக்குப் பாடசாலையில் படித்த பௌதிகத்தின் மேல் பாசம். தலைவலிக்கு எவர் மேலும் பாசமில்லை. இயக்குநர் யார், எத்தனை கோடி என்று விசாரித்துவிட்டா அது வருகிறது?

ஆனால் அந்தத் தலைவலியைப் படத்தின் தலையில் மட்டும் கட்டிவிடாதீர்கள். 3டி படம் பார்க்கும்போது கண்ணுக்கு இரட்டை வேலை. கண்வில்லை திரை இருக்கும் தூரத்துக்குக் குவிய வேண்டும். றோபோ கையை நீட்டி அது மூக்கடிக்கு வருவதுபோல் காட்டினால், அதே நேரத்தில் இரண்டு விழிகளும் உட்பக்கம் திரும்பவும் வேண்டும். கண்ணாடி இல்லாத உலகத்தில் இந்த இரண்டும் சேர்ந்தே நடக்கும், தியேட்டரில் பிரித்துவிடுகிறார்கள். ஆறுதலான காட்சி என்றால் கண் எப்படியோ சமாளிக்கும். சண்டை தொடங்கினால் செக்கனுக்கு ஒரு வெட்டு: இப்போது கை மூக்கடியில், அடுத்த கணம் கட்டடம் கண்காணாத தூரத்தில். கண் அங்கே போய்ச் சேருமுன் படம் இங்கே திரும்பி வந்துவிடும். இரண்டு மணித்தியாலம் இந்த ஓட்டம் ஓடினால் நெற்றிப் பொட்டு வலிக்காமல் என்ன செய்யும்?

இருட்டு வேறு. சாதாரண டிஜிட்டல் படத்துக்குத் திரையின் நடுவில் சதுர மீற்றருக்கு 48 கண்டெலா வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது நியமம். 3டியில் வடிகட்டியும் கண்ணாடியும் தின்றது போக 15 கண்டெலா கண்ணுக்கு வந்து சேர்ந்தால் அது நல்ல தியேட்டர். புரொஜெக்டர் விளக்கு பழசானால் அதுவும் இல்லை. இந்த அரை இருட்டுக்குள் நம் ஆட்கள் என்ன காட்டுகிறார்கள்? சாம்பல் நிற றோபோ, சாம்பல் நிறப் புகை, நடு இரவு, கொட்டும் மழை. மழையும் இரவும் கதைக்காக வருவதில்லை. கணினியில் வரைந்த இரும்புக்கும் கமரா எடுத்த தெருவுக்கும் இடையிலுள்ள ஒட்டுத் தையலை மறைக்க வருகின்றன. துருவமாக்கும் கண்ணாடி, அதாவது ஒவ்வொரு கண்ணுக்கும் ஒரு வகை ஒளியை மட்டும் விடும் கண்ணாடி தரும் தியேட்டர் என்றால் திரைக்கு வெள்ளிபோல் மின்னும் உலோகப் பூச்சு இருக்கும். நடுவில் பளிச்சென்றும் ஓரத்தில் மங்கலாகவும் தெரியும். ஓர இருக்கை கிடைத்தால் அடுத்த காட்சிக்குப் போங்கள்.

சத்தத்தைப் பற்றி இந்தப் பக்கத்தில் எழுதினால் சில தியேட்டர்காரர்களுக்குக் கோபம் வரும். வரட்டும். ஆப்பரேட்டர் அறையில் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் பெட்டியின் முகப்பில் ஓர் இலக்கம் இருக்கும். 7 என்பதுதான் படத்தின் ஒலியைக் கலந்தவர்கள் கேட்ட அளவு. முன்னோட்டங்களும் விளம்பரங்களும் காது கிழிய வர, சனம் முறையிட, ஆப்பரேட்டர் 5க்கு இறக்குகிறார். ஓர் இலக்கத்துக்கு ஏறத்தாழ 3.3 டெசிபெல். விளம்பரம் முடிந்து படம் தொடங்கியதும் அதை மீண்டும் ஏற்ற ஒருவருக்கும் ஞாபகம் இருப்பதில்லை. வசனம் வருவது பெரும்பாலும் நடு ஸ்பீக்கரிலிருந்து. நல்ல உயரத்தில் கலந்த வெடிச்சத்தம் இறக்கிய பிறகும் கேட்கிறது, முணுமுணுத்த வசனம் போய்விடுகிறது. ‘கதையே விளங்கவில்லை’ என்று சொல்பவர்களில் பாதிப் பேருக்குக் கதை காதிலேயே விழவில்லை.

இனி மச்சான். ‘லொஜிக் இல்லை’ என்ற இரண்டு சொல்லில் படத்தை முடித்துக்கட்டும் விமர்சகர்களோடு எனக்கு நெடுநாள் வழக்கு உண்டு. சொல்கிறார்கள், கணக்குப் போடுவதில்லை. நாம் போடுவோம். 1.7 மீற்றர் உயரமும் 70 கிலோவும் உள்ள ஆளைப் பத்து மடங்கு பெரிதாக்கினால் 17 மீற்றர். நிறை பத்து மடங்கல்ல, ஆயிரம் மடங்கு, 70 தொன். பாதத்தின் பரப்போ நூறு மடங்குதான். ஒரு பாதம் 200 சதுர சென்றிமீற்றர் என்று வைத்தால் அது 2 சதுர மீற்றராகும். ஒற்றைக் காலில் நின்றாலும் சதுர மீற்றருக்கு 35 தொன், டயர்க் கடைக்காரர் பாஷையில் சொன்னால் 50 பி.எஸ்.ஐ. சுமை ஏற்றிய லொறி டயரில் 100 பி.எஸ்.ஐ. காற்று அடிக்கிறார்கள். அந்த லொறிகள் தினமும் நம் வீதிகளில் ஓடுகின்றன, தார் புதைந்தா போய்விட்டது? றோபோ தசையல்ல, இரும்பு, ஆகவே மூன்று மடங்கு கனம் என்று மச்சான் வாதாடினால் 150 பி.எஸ்.ஐ.; அப்போது தடம் விழும், ஓடினால் உடையும். ஆனாலும் பாதாளத்துக்குப் புதையாது. முதலில் போவது றோட்டல்ல, றோபோவின் முழங்கால். நிறை ஆயிரம், முழங்காலின் குறுக்குவெட்டு நூறு.

மச்சான் சொல்லும் பள்ளம் விழும் இடம் ஒன்று கொழும்பில் உண்டு. காலி வீதி நடைபாதையில் வடிகால் கான் மூடிகளைப் பார்த்திருக்கிறீர்களா? அதற்கு 17 மீற்றர் ஆள் வேண்டாம், பிஸ்கட் பெட்டி இறக்க வரும் டெலிவரி வான் பின்பக்கமாக ஏறினால் போதும். கடற்காற்றின் உப்பு கொங்கிறீற்றுக்குள் ஊறிக் கம்பியைப் பிடிக்கிறது. துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், ஆகவே கொங்கிறீற்று உள்ளிருந்தே பிளக்கிறது. இன்னொரு கூத்தும் உண்டு. பலகைபோல் வார்த்த மூடியில் கம்பி அடிப்பக்கமாக இருக்க வேண்டும். மிதிக்கும்போது இழுபடுவது அடிப்பக்கம். கொங்கிறீற்று நசிவதைத் தாங்கும், இழுவையைத் தாங்காது. கான் துப்புரவுக்காகக் கழற்றிய மூடியைக் கவிழ்த்து வைத்தால் கம்பி மேலே போய்விடும், பிறகு மூடி ஓர் அழகுப் பொருள்தான். வெள்ளவத்தையில் ஒரு றோபோச் சண்டை எடுத்தால் எதிரி றோபோவுக்கு ஆயுதமே தேவையில்லை. நாயக றோபோவை நடைபாதைப் பக்கம் தள்ளிவிட்டால் ஒரு கால் கானுக்குள். இடைவேளை. மீதிப் படம் முழுக்க மூடி யாருடைய பொறுப்பு என்று ஒரு காரியாலயம் இன்னொரு காரியாலயத்துக்குக் கடிதம் எழுதுவது. கிறாபிக்ஸ் செலவு மிச்சம்.

லொஜிக் தேடுகிறவர்கள் றோட்டை விட்டு மணிக்கூட்டைப் பார்க்க வேண்டும். பெரிய உடம்பு விழவும் நடக்கவும் எடுக்கும் நேரம் உயரத்தின் வர்க்கமூலத்தோடு கூடும். நமக்கு ஓர் அடி வைக்க அரைச் செக்கன். பத்து மடங்கு உயரமானவனுக்கு ஒன்றரைச் செக்கனுக்கு மேல். கணினி வருமுன் சிறு மாதிரிகளை வைத்துப் படமெடுத்தவர்களுக்கு இது அத்துப்படி. பதினாறில் ஒரு பங்கு மாதிரி என்றால் செக்கனுக்கு 24க்குப் பதிலாக 96 பிரேம் எடுத்து, 24இல் ஓட்டுவார்கள். பொம்மைக்குக் கனம் வந்துவிடும். இன்று கணினியில் எல்லாம் முடிகிறது, ஆகவே 17 மீற்றர் இரும்பை வெளவால்போல் பறக்க விடுகிறார்கள். கோடிகள் கொட்டி வரைந்த உருவம் விளையாட்டுச் சாமானாகத் தெரிவது இதனால்தான். உங்கள் மகனின் ‘செம’ எந்தக் காட்சிக்கு என்று கேட்டுப் பாருங்கள். றோபோ மெதுவாக எழுந்து நிற்கும் காட்சியாக இருந்தால் பையனுக்கு நல்ல கண்.

யப்பான்காரர் யொகொஹாமாவில், ‘கண்டம்’ (Gundam) என்ற கார்ட்டூன் தொடரில் வரும் 18 மீற்றர் றோபோ ஒன்றை நிஜமாகவே செய்து 2020 டிசம்பர் முதல் 2024 மார்ச் வரை காட்சிக்கு வைத்தார்கள். நிறை 25 தொன். கை, கால், விரல் எல்லாம் அசைந்தது. ஆனால் இடுப்பைப் பின்னாலிருந்து ஒரு தாங்கி பிடித்துக்கொண்டே இருந்தது, அசைவும் நத்தை வேகம். பார்த்த சனம் வாயைப் பிளந்தது.

கனத்தைச் சரியாகக் காட்டிய படம் இல்லாமலில்லை. 2013இல் வந்த ‘பசிபிக் ரிம்’மில் கை ஓங்குவதற்கே நேரம் எடுக்கும், அதனால் அடி விழும்போது நம் தோளில் விழும். அதிலும் ஒரு வேடிக்கை. நாயக றோபோவுக்குக் கொடுத்த விபரம் 79 மீற்றர், 1,980 தொன். அதே உயரத்துக்கு உங்கள் மச்சானை வளர்த்தால் அவரே 7,000 தொன் வருவார். அந்தப் பருமனில் 1,980 தொன் என்றால் தண்ணீரைவிட லேசு. கடலில் இறங்கி அசுரனோடு மல்லுக்கட்டியிருக்கவே முடியாது. காலிமுகத்திடலில் இறக்கிவிட்டால் முக்கால் பங்கு வெளியே தெரிய, தெப்பம்போல் மிதந்து மொறட்டுவைப் பக்கம் ஒதுங்கியிருக்கும். படம் பார்த்தபோது எவருக்கும் இது உறுத்தவில்லை, அசைவில் கனம் இருந்தது. மச்சானிடம் இதைச் சொல்லிவிடாதீர்கள், அந்தப் படத்தையும் விடமாட்டார்.

ஐந்தில் எத்தனை நட்சத்திரம் என்று மட்டும் கேட்காதீர்கள். நட்சத்திரம் போடுவது ஹோட்டலுக்கு. அதே படம் 2டியிலும் ஓடுகிறதா என்று விசாரியுங்கள். ஓடினால், இரண்டாவது வாரம், பின்னாலிருந்து மூன்றில் ஒரு பங்குத் தூரத்தில் நடு இருக்கை. வசனம் கேட்கவில்லை என்றால் இடைவேளை வரை பொறுக்காமல் எழுந்து போய் ஆப்பரேட்டரிடம் இலக்கத்தைக் கேளுங்கள்.