ராத்திரி ஹார்மோன்: கேளுங்கள், சொல்கிறேன்

மூளையும் ஹார்மோனும் சந்திக்கும் இடத்தில்தான் என் வேலை. இன்றைய பேச்சு மெலட்டோனின்: இருட்டியதும் மூளைக்குள் இருக்கும் பீனியல் சுரப்பி விடும் ஹார்மோன். மருந்துச்சீட்டு மட்டும் கேட்காதீர்கள்.

உயிரியல் மாணவி: மெலட்டோனின் எந்த மூளை செல்லைப் பிடித்து இனப்பெருக்க ஹார்மோன்களை அடக்குகிறது?

‘அடக்குகிறது’ என்று தீர்ப்பு எழுதிவிட்டே கேட்கிறீர்கள், அந்த வார்த்தையைப் பிறகு கவனிக்கிறேன். இனப்பெருக்கத்தின் கடிவாளம் மூளையடியிலுள்ள ஹைப்போதலாமஸில் இருக்கும் ஜி.என்.ஆர்.எச். நியூரான்களிடம்; ஜி.என்.ஆர்.எச். என்ற ஹார்மோனை அனுப்பும் நரம்புச் செல்கள் அவை. சுண்டெலி மூளை முழுக்கத் தேடினாலும் ஆயிரத்தையொட்டித்தான் தேறும். 10 அமினோ அமிலங்கள் கொண்ட அந்தக் குட்டி ஹார்மோனை அவை விட்டுவிட்டுத் துடிப்பாக அனுப்ப, அதற்குக் கீழே இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, சினைப்பையையும் விரையையும் இயக்கும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். ஹார்மோன்கள் இரண்டையும் சுரக்கும்.

ஆய்வகத் தட்டில் வளரும் ஜிடி1-7 என்ற சுண்டெலி செல்கள்மேல் மெலட்டோனினை விட்டால் ஜி.என்.ஆர்.எச். செய்வதற்கான மரபுச் செய்தி (ஆர்.என்.ஏ.) குறைகிறது. ஆனால் பருவம் பார்த்து இனம்பெருக்கும் விலங்குகளில் முக்கியமான வழி, தலையைச் சுற்றி மூக்கைத் தொடுவது. பிட்யூட்டரிக் காம்பைச் சுற்றி உறைபோல ஒரு மெல்லிய திசு, பார்ஸ் டியூபராலிஸ். மெலட்டோனினைப் பிடிக்கும் எம்டி1 ஏற்பிகள் அங்கே மொய்த்துக் கிடக்கும். இரவு நீண்டு மெலட்டோனின் வெகுநேரம் நின்றால் அங்கே டி.எஸ்.எச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) குறையும். இந்த டி.எஸ்.எச். தைராய்டுக்குப் போவதில்லை, மேலே மூளைக்குத் திரும்பி, ஹைப்போதலாமஸின் டானிசைட் செல்களில் தைராய்டு ஹார்மோனான டி4-ஐ, அதன் வீரியமான வடிவமான டி3 ஆக்கச் செய்கிறது. அந்த டி3-ஐப் பொறுத்து, கிஸ்பெப்டின் என்ற மூளைச் சேதிப்பொருளை விடும் நியூரான்கள் மாற, அவை ஜி.என்.ஆர்.எச். நியூரான்களைத் தூண்டும், அல்லது சும்மா விடும்.

தட்டில் கண்டதையும் விலங்கில் கண்டதையும் உங்கள்மேல் ஏற்றிக்கொள்ளாதீர்கள்.

ஒரு வாசகர்: தினமும் 3 மில்லிகிராம் மெலட்டோனின் போடுகிறேன். கருத்தரிக்காதா?

1990-களில் கருத்தடைக்காக ஆராய்ந்தபோது பெண்களுக்குக் கொடுத்தது 75 மில்லிகிராம், அதுவும் புரோஜெஸ்டின் என்ற கருத்தடை ஹார்மோனோடு. உங்கள் மாத்திரை கருத்தடையும் ஆகாது, கருவள மருந்தும் ஆகாது. குழந்தைக்கு முயல்கிறீர்கள் என்றால் மருத்துவரிடம் சொல்லிவிட்டுப் போடுங்கள்.

வாதப்பிரியர்: சுற்றி வளைக்காதீர்கள். மெலட்டோனின் கருவளத்துக்கு எதிரி, அவ்வளவுதானே?

செம்மறி ஆட்டைப் போய்க் கேளுங்கள். இரவு நீளும்போதுதான் அது சினைக்கு வரும். சீக்கிரம் பருவத்துக்கு வரட்டும் என்று மெலட்டோனினையே தோலுக்கடியில் வைக்கிறார்கள்.

வாதப்பிரியர்: ஆட்டுக்கு வேறு பாதையாக இருக்கும். ஹாம்ஸ்டரில் பீனியல் சுரப்பியை எடுத்துவிட்டால் குறும்பகலிலும் விரை சுருங்குவதில்லையே!

ஆமாம், 1965-இல் ஆய்வாளர்கள் ஹாஃப்மனும் ரைட்டரும் காட்டியது. தபால்காரனை நிறுத்தினால் சாவுச் செய்தி வராதுதான். அதற்காக அவன்தான் கொன்றான் என்பீர்களா? பாதை வேறல்ல, நீண்ட இரவில் இரண்டிலும் டி3 குறைகிறது. ஹாம்ஸ்டருக்கு அது கடையை மூடச் சொல்லும் சேதி. ஆட்டுக்கோ பருவத்தை முடிக்கவே தைராய்டு ஹார்மோன் வேண்டும்: தைராய்டை எடுத்துவிட்ட பெண் ஆடு பருவம் முடிந்தும் சினைக்கு வருவதை நிறுத்தாது. சினைக்காலத்தைப் பாருங்கள்: சிரியன் ஹாம்ஸ்டருக்கு 16 நாள், ஆட்டுக்கு 5 மாதம். இரண்டும் குட்டியை வசந்தத்தில் இறக்கியாக வேண்டும், அதனால் ஒன்று பகல் நீளும்போது சேரும், மற்றது இரவு நீளும்போது. மெலட்டோனின் சொல்வது இரவு எவ்வளவு நீளம் என்பதை மட்டும்.

ஒரு தாய்: 8 வயது மகளுக்குத் தூங்க மெலட்டோனின் தருகிறோம். பூப்படைவது தள்ளிப்போகுமா?

பருவம் நெருங்கும்போது இரவு மெலட்டோனின் குறைவது உண்மை. அதனால்தான் பருவம் வருகிறது என்று யாரும் நிரூபிக்கவில்லை. 1898-இல் பீனியல் கட்டியுள்ள சிறுவன் முன்கூட்டியே பருவமடைந்ததை மருத்துவர் ஹாய்ப்னர் பதிந்ததிலிருந்து இந்தப் பேச்சு ஓடுகிறது. ஆனால் அப்படிப்பட்ட கட்டிகள் பலவும் எல்.எச். போலவே வேலை செய்யும் எச்.சி.ஜி. ஹார்மோனைச் சுரப்பவை; பருவத்தைத் தூண்டுவது அதுவாக இருக்கலாம். குழந்தை மருத்துவரைக் கேட்காமல் மாதக்கணக்கில் கொடுக்காதீர்கள்.

இன்னொருவர்: சினைப்பை நீர்க்கட்டிக்கு மெலட்டோனின் எடுக்கலாமா?

மகப்பேறு மருத்துவரிடம் போங்கள்.

மற்றொருவர்: நான் போடுவது 5 மில்லிகிராம். கருத்தரிக்காதா?

மேலே 3-க்குச் சொன்னதைப் படியுங்கள்.

குறும்புக்காரர்: கிஸ்பெப்டினுக்கும் முத்தத்துக்கும் சம்பந்தமா?

மிட்டாய்க்கு. 1996-இல் புற்றுநோய் பரவலைத் தடுக்கும் மரபணுவாக அதைக் கண்டது பென்சில்வேனியாவின் ஹெர்ஷி ஊரில்; பெயர் அந்த ஊர் ‘கிஸ்ஸஸ்’ சாக்லேட்டுடையது. கருவளத்தோடு உறவு தெரிந்தது 2003-இல்.

புதியவர்: 10 மில்லிகிராம் என்றால்?

3-க்கும் 5-க்கும் சொன்னதுதான். கடையைக் கட்டுகிறேன், எனக்கும் மெலட்டோனின் ஏறும் நேரம்.