பத்தாயிரம் ஆண்டுக் கணக்கு

வணக்கம் சார்,

நெதர்லாந்தில் சில கடல் தடுப்புக் கரைகள் பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை வரும் கடல்மட்டத்தைத் தாங்கக் கட்டப்பட்டவை என்று போன வாரம் எழுதியிருந்தீர்கள். அப்போது கையில் இருந்த அளவுகள் நூறு ஆண்டுக்குக்கூட இல்லை என்றும் நீங்களே சொல்கிறீர்கள். அதை வைத்துப் பத்தாயிரம் ஆண்டுக்குக் கணக்கு சொல்வதற்கும் ஜோசியத்துக்கும் என்ன வித்தியாசம்?

ஒரு வாசகர், ஈரோடு

அன்புள்ள நண்பருக்கு,

ஜோசியர் தேதி சொல்வார், இவர்கள் சொல்வதில்லை. 'பத்தாயிரம் ஆண்டுக்கு ஒருமுறை' என்று நான் எழுதியதுதான் தப்பு. எந்த ஓர் ஆண்டிலும் அது வர வாய்ப்பு பத்தாயிரத்தில் ஒன்று, அவ்வளவே. அடுத்த மாதமே வரலாம். நூறாண்டு வெள்ளம் என்கிறார்களே, ஆற்றோரம் வீடு வாங்கி 30 ஆண்டு கடன் அடைப்பதற்குள் அது ஒருமுறையாவது வர 26 சதவீத வாய்ப்பு உண்டு.

சரி, அந்த எண் எப்படி வந்தது? முன்பெல்லாம், இதுவரை வந்ததில் பெரிய வெள்ளம் எதுவோ அதற்குமேல் கொஞ்சம் உயர்த்திக் கட்டுவார்கள். 1939இல் வெமெல்ஸ்ஃபெல்டர் என்ற பொறியாளர் நெதர்லாந்தின் கடற்கரை ஊரான ஹூக் வான் ஹாலந்தின் கடல்மட்ட அளவுகளை எடுத்துக்கொண்டார். ஒவ்வொரு மட்டத்தையும் கடல் எத்தனை முறை தாண்டியது என்று எண்ணி, ஒவ்வொரு படியும் பத்து மடங்காகும் மடக்கை அளவில் (log scale) குறித்தார். மட்டம் உயர உயர எண்ணிக்கை குறைந்தது. புள்ளிகள் ஏறக்குறைய நேர்கோட்டில் விழுந்தன. கோடு இருந்தால், கடல் இதுவரை தொடாத உயரத்துக்கும் அதை நீட்டலாம். 'இதற்குமேல் ஏறாது' என்று சொல்ல ஓர் இடம் அந்தக் கோட்டில் இல்லை.

1953 பிப்ரவரி 1 அதிகாலை, புயலில் ஹூக் வான் ஹாலந்தில் கடல் வழக்கமான சராசரி மட்டத்துக்கு மேல் சுமார் 3.85 மீட்டருக்கு ஏறியது. நெதர்லாந்தில் மட்டும் 1836 பேர் இறந்தார்கள்.

அப்புறம் கரைகளை எவ்வளவு உயர்த்துவது என்று பார்க்க அரசு அமைத்த டெல்டா குழுவுக்காகக் கணிதவியலாளர் டேவிட் வான் டான்ட்சிக் அந்தக் கோட்டோடு பணத்தையும் சேர்த்தார். எனக்கு இதில் மிகவும் பிடித்த இடம் இதுதான். கரையை உயர்த்த ஆகும் செலவையும், உயர்த்திய பிறகும் மிஞ்சும் நஷ்ட வாய்ப்பின் விலையையும் கூட்டி, கூட்டுத்தொகை எந்த உயரத்தில் மிகக் குறைவு என்று பார்த்தார். கடைசியில் ஹூக் வான் ஹாலந்துக்குக் குழு வைத்தது 5 மீட்டர்; பத்தாயிரத்தில் ஒன்று என்ற வாய்ப்புக்கு உரிய மட்டம் அதுதான்.

உங்கள் சந்தேகத்தில் பாதி நியாயம் உண்டு. இவ்வளவு தூரம் நீட்டும்போது சாய்வு கொஞ்சம் பிசகினாலும் முனையில் மட்டம் நிறைய மாறும். கோடு வளைந்தால் இன்னும் மோசம். போதாக்குறைக்குக் கடல்மட்டமே உயர்ந்துகொண்டிருக்கிறது. 2017இல் அவர்கள் விதியையே மாற்றினார்கள். இப்போது தண்ணீர் எவ்வளவு ஏறும் என்பதோடு நிறுத்தாமல், கரை உடைந்து ஊருக்குள் தண்ணீர் வர எவ்வளவு வாய்ப்பு என்றும் கணக்குப் போடுகிறார்கள்.