கதவு உறைஞ்சு ஒட்டிக்கிச்சா? இழுக்காதீங்க, முதல்ல அமுக்குங்க

குளிர் இறங்கினதுலருந்து கார் கதவு, கண்ணாடி பத்தியே நிறைய பேர் கேட்டிருக்கீங்க, அதனால இந்த தடவை பதில் எல்லாமே அதுக்குத்தான்.

கேள்வி: வணக்கம் சார், ராத்திரி வெளியில நிறுத்தின காரு காலையில கதவே திறக்க மாட்டேங்குது. ரிமோட்டை அமுக்கினா லாக் ரிலீஸ் ஆகுற சத்தம் நல்லா கேக்குது, ஹேண்டிலும் வருது, ஆனா கதவு மட்டும் அப்படியே நிக்குது. லாக் போயிடுச்சா, மெக்கானிக்கை கூப்பிடணுமா?

பதில்: வேண்டாம். சத்தம் கேக்குதுன்னா லாக் வேலை செய்யுது, ஒட்டிக்கிட்டிருக்கிறது ரப்பர். கதவைச் சுத்தி ஒரு ரப்பர் பட்டை ஓடுதே, பீடிங்னு சொல்வோமே, அதுக்கும் பாடிக்கும் நடுவுல மழைத்தண்ணியோ கார் கழுவின தண்ணியோ போய் உக்காந்துக்கும், ராத்திரி 0 டிகிரிக்குக் கீழ போனதும் அது ஐஸாகி ரெண்டையும் பசை போட்ட மாதிரி பிடிச்சுக்கும். அந்த நேரத்துல ஹேண்டிலைப் பிடிச்சு பலம் கொண்ட மட்டும் இழுத்தீங்கன்னா ஐஸ் விடுறதுக்கு முன்னாடி ஹேண்டில் கையோட வந்துடும், இல்லேன்னா பீடிங் கிழியும். நானும் ஒரு தடவை அவசரத்துல இழுத்திருக்கேன், கதவு வந்துச்சு, கூடவே பீடிங்கும் ஒரு முழத்துக்கு உரிஞ்சு வந்துச்சு, அப்புறம் அந்த இடம் வழியாவே தண்ணி இறங்கி முன்னைவிட மோசமா உறைய ஆரம்பிச்சிடுச்சு.

அதனால முதல்ல உள்பக்கமா அமுக்குங்க. உள்ளங்கையை விரிச்சு கதவோட ஓரத்துல வச்சு, உடம்பு எடையைக் கொடுத்து மேல் மூலை, நடு, கீழ் மூலைன்னு ஒவ்வொரு இடமா அழுத்தி அழுத்தி விடுங்க. கண்ணாடி மேல சாயாதீங்க, தகடு மேல மட்டும். கொஞ்சம் காதைக் கொடுத்தா மெல்லிசா மொறுக் மொறுக்னு கேக்கும், அது ஐஸ் நொறுங்குற சத்தம். அது நின்னதுக்கப்புறம் மெதுவா இழுத்துப் பாருங்க, கீழ் ஓரம்தான் கடைசியா விடும், அங்கதான் தண்ணி தேங்கும். அப்பவும் வரலேன்னா வேற கதவைப் பாருங்க, நாலும் ஒரே மாதிரி உறையாது. டிக்கி வழியா ஏறி உள்ள போனாலும் தப்பில்ல. உள்ள போய் இன்ஜினை ஸ்டார்ட் பண்ணி ஹீட்டரைப் போட்டா மிச்சத்தை அந்தச் சூடு பாத்துக்கும்.

ஆனா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி பின்னாடி போய் சைலன்சர் வாயைப் பாத்துடுங்க, தயவுசெஞ்சு. பனி அடைச்சிருந்தா புகை காருக்குள்ளயே வரும், அதுல இருக்கிற கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையும் இல்ல நிறமும் இல்ல, உயிரே போயிடும். மூடின ஷெட்டுக்குள்ள இன்ஜினை ஓடவிட்டு சூடு பண்றதும் கூடவே கூடாது.

கேள்வி: கெட்டில்ல தண்ணி கொதிக்க வச்சு ஊத்தினா ஒரே நிமிஷத்துல வேலை முடிஞ்சிடுமே அண்ணா?

பதில்: கண்ணாடியும் முடிஞ்சிடும். உறைஞ்ச கண்ணாடி மேல கொதிக்கிற தண்ணி பட்டா பட்ட இடம் மட்டும் சட்டுனு விரியும், பக்கத்துல இருக்கிறது விரியாது, அந்த இழுபறியில விரிசல் விடும். முன்கண்ணாடி ரெண்டு கண்ணாடிக்கு நடுவுல பிளாஸ்டிக் ஷீட் வச்சு ஒட்டினது, அதுல ஏற்கனவே கல் பட்ட சின்னப் புள்ளி இருந்தா அங்கருந்து கோடு ஓடும். பக்கக் கண்ணாடி பொதுவா டெம்பர்டு, அதாவது சூடுபண்ணி கெட்டிப்படுத்தினது, உடைஞ்சா மொத்தமா பொடிப்பொடியா கொட்டிடும். அப்படியே தப்பிச்சாலும் ஊத்தின தண்ணி கீழ வழிஞ்சு பீடிங்லயும் லாக்லயும் இறங்கி திரும்ப உறையும், நேத்து இருந்ததைவிட இன்னிக்கு ஐஸ் ஜாஸ்தி.

அதுக்குப் பதிலா ஐசோபுரோப்பைல் ஆல்கஹால், அந்த 70 சதவீதம் வர்றது, அதுல ரெண்டு பங்கு, தண்ணி ஒரு பங்கு கலந்து ஸ்பிரே பாட்டில்ல வச்சுக்கோங்க. சுத்தமான ஐசோபுரோப்பைல் மைனஸ் 89 டிகிரி வரைக்கும் உறையாது, அதனால கலவையும் சாதாரணக் குளிர்ல கட்டியாகாது. அடிச்சுட்டு ஒரு நிமிஷம் விட்டு பிளாஸ்டிக் ஸ்கிரேப்பரால தள்ளுங்க. கத்தி, கரண்டி, எந்த இரும்பும் வேண்டாம், கோடு விழுந்தா போகாது. அந்த ஆல்கஹால் தீப்பிடிக்கிற சாமான், பக்கத்துல நெருப்பு இருக்கக் கூடாது.

கேள்வி: பவர் விண்டோ ஸ்விட்சை அமுக்கினா உள்ள 'டக்'னு ஒரு சத்தம், கிளாஸ் இறங்கல. திரும்பத் திரும்ப அமுக்கலாமா?

பதில்: இதோட நிறுத்திடுங்க. கிளாஸ் மேல் ரப்பர்லயும் ரெண்டு பக்க சேனல்லயும் உறைஞ்சு நிக்குது, கீழருந்து மோட்டார் இழுக்குது. நடுவுல மாட்டிக்கிறது கிளாஸைப் பிடிச்சிருக்கிற பிளாஸ்டிக் கிளிப்பும் மெல்லிசான கேபிளும்தான். கிளிப் உடைஞ்சா கிளாஸ் கதவுக்குள்ளயே விழுந்துடும், அந்தக் குளிர்ல திறந்த ஜன்னலோட ஓட்டிட்டுப் போகணும். ஹீட்டரைப் போட்டு காரு நல்லா சூடாகுற வரைக்கும் அந்தப் பக்கமே கை வைக்காதீங்க. ஃபிரேம் இல்லாத கதவு உள்ள கார்ல இது இன்னும் சிக்கல், கதவைத் திறக்கும்போது கிளாஸ் தானா கொஞ்சம் இறங்கணும், உறைஞ்சிருந்தா இறங்காது, அங்க கதவை அமுக்குறதுக்கு முன்னாடியே கிளாஸ் மேல் ஓரத்துல ஸ்பிரே அடிச்சுடுங்க. வைப்பரும் இதே கதைதான், ஒட்டியிருக்கும்போது ஆன் பண்ணாதீங்க.

கேள்வி: ரிமோட் பேட்டரி குளிர்ல வேலை செய்யல, சாவித் துவாரமும் உறைஞ்சிருக்கு. லைட்டர்ல சாவியைக் காய்ச்சி விடலாமா?

பதில்: வெறும் இரும்புச் சாவின்னா லேசா காய்ச்சலாம், ஆனா இப்ப வர்ற சாவி பாதிக்கு மேல சிப் வச்சது, அது சூட்டுல போச்சுன்னா வண்டியே ஸ்டார்ட் ஆகாது. லாக் டீஐசர்னு, லாக்குக்குள்ள இருக்கிற ஐஸைக் கரைக்கிற மருந்து, சின்ன டியூப்ல கிடைக்கும், துவாரத்துக்குள்ள ஒரு சொட்டு விட்டுட்டு பொறுங்க. சாவியைப் போட்டு முறுக்காதீங்க, உள்ளேயே உடையும். அந்த டியூபை கோட் பாக்கெட்லயோ வீட்டுலயோ வைங்க, காருக்குள்ள பூட்டி வச்சு பிரயோஜனம் இல்ல.

கேள்வி: கதவு திறந்துச்சு சார், இப்ப மூட மாட்டேங்குது! அடிச்சு மூடினாலும் திரும்ப வருது.

பதில்: கதவோட ஓரத்துல இருக்கிற லேட்ச், அந்த கொக்கி, பாதியில உறைஞ்சு நிக்குது. அடிக்க அடிக்க அது வளையத்தான் செய்யும். ஆல்கஹால் ஸ்பிரேயை நேரா கொக்கிக்குள்ள அடிச்சு, ஹேண்டிலை இழுத்துப் பிடிச்சுக்கிட்டே விரலால கொக்கியை முன்னும் பின்னும் ஆட்டி விடுங்க. அது சுலபமா ஆடினதுக்கப்புறம் மூடுங்க. கதவைக் கையால பிடிச்சுக்கிட்டோ கயிறு கட்டியோ ஓட்டுறவங்களைப் பாத்திருக்கேன், வளைவுல கதவு திறந்துக்கும், அதுவும் பின்சீட்ல குழந்தை இருந்தா நினைச்சே பாக்க முடியல, பத்து நிமிஷம் லேட்டானா ஆகட்டும்.

கேள்வி: தினமும் காலையில இந்தப் போராட்டம் முடியல. வராம இருக்க ரப்பர்ல எண்ணெயோ வாசலினோ தடவலாமா?

பதில்: ரெண்டும் வேண்டாம். கதவு ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம்னு ஒரு வகை, பெட்ரோலியத்துலருந்து வந்த எதுவும் அதுக்கு ஆகாது, நாள்பட உப்பி தளர்ந்துடும். சிலிகான் ஸ்பிரேவோ சிலிகான் கிரீஸோ வாங்குங்க. பீடிங்கை முதல்ல ஈரத்துணியால துடைச்சு, நல்லா காய விட்டு, சிலிகானை துணியில எடுத்து முழு நீளத்துக்கும் மெல்லிசா தடவுங்க. குளிர் முடியுற வரைக்கும் சில வாரத்துக்கு ஒரு தடவை போதும்.

சிலிகானைவிட முக்கியம் ஈரம் இல்லாம வைக்கிறது. கார் கழுவின அன்னிக்கு ராத்திரி உறையப் போகுதுன்னு தெரிஞ்சா நாலு கதவையும் திறந்து பீடிங்கை காய்ஞ்ச துணியால துடைச்சுட்டு அப்புறம் மூடுங்க. கதவோட அடிப்பக்கம் குனிஞ்சு பாத்தா சின்னச் சின்ன ஓட்டை இருக்கும், உள்ள இறங்கின தண்ணி வெளிய போறதுக்கு. அது மண்ணுல அடைச்சிருந்தா கதவுக்குள்ளயே தண்ணி நின்னு கொக்கியும் கிளாஸும் தினமும் உறையும். ஒரு குச்சியால அந்த மண்ணைத் தட்டி விடுங்க, ஆழமா குத்த வேண்டாம்.