குதிரைக்கு முடி கொட்டுகிறதா? கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்

கால்நடை மருத்துவத்தில் பெரும்பாலும் குதிரைகளோடு வேலை பார்த்தவன் நான். இன்று தோல், முடி பற்றிய கேள்விகள் மட்டும். கேட்பவர்கள் நாலு விஷயம் சொல்லுங்கள்: எந்த இடத்தில் கொட்டுகிறது, அரிக்கிறதா, பக்கத்துக் குதிரைக்கும் இருக்கிறதா, என்ன தீனி போடுகிறீர்கள். இந்த நாலும் தெரிந்தால் பாதி நோய் பிடிபட்டுவிடும். இது தெரியாமல் மருந்துப் பெயர் சொல்ல மாட்டேன். இன்னொன்று: ஆடு மாட்டுக்கு வாங்கிய உண்ணி மருந்தைக் குதிரைமேல் ஊற்றிவிட்டு இங்கே வராதீர்கள். காரணம் கீழே சொல்கிறேன்.

கேள்வி (ஊட்டி, சவாரிக் குதிரைகள்): டாக்டர் ஐயா, இரண்டு மட்டக்குதிரைக்கு வயிற்றுவார் கட்டும் இடத்திலும் தோளிலும் ரூபாய்க்காசு அளவு வட்டமாக முடி போகிறது. பெரிதாக அரிப்பில்லை. என் பையன் முழங்கையிலும் அதே மாதிரி வட்டம் வந்திருக்கிறது.

பதில்: பையனுக்கும் வந்திருப்பதே பாதி விடை. இது படர்தாமரை. குதிரையில் பெரும்பாலும் டிரைக்கோபைட்டான் எக்வினம் என்ற பூஞ்சை. வட்டத்தின் ஓரத்து முடியைப் பிடித்து மெதுவாக இழுத்துப் பாருங்கள். வலியில்லாமல் கொத்தாக வரும், அடியில் சாம்பல் நிறப் பொருக்கு ஒட்டியிருக்கும். அந்த ஓரத்து முடியைத்தான் ஒரு காகித உறையில் போட்டுப் பரிசோதனைக்குக் கொடுக்க வேண்டும். பிளாஸ்டிக் பை வேண்டாம், வியர்த்து வேறு பூஞ்சை வளர்ந்துவிடும். வட்டத்தின் நடுவில் சுரண்டினால் பலமுறை ஒன்றும் கிடைக்காது.

நல்ல செய்தி, பெரும்பாலும் இரண்டு மூன்று மாதத்தில் தானாகவே ஆறும். கெட்ட செய்தி, அதற்குள் லாயம் முழுக்கப் பரவிவிடும். உதிர்ந்த முடியில் இருக்கும் வித்துகள் மரத்திலும் சேணத்திலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். உங்கள் தொழிலில் ஒரே சேணத்தை மூன்று குதிரைக்கு மாற்றி மாற்றிப் போடுகிறீர்கள், ஒரே பிரஷால் தேய்க்கிறீர்கள். வயிற்றுவார் இடத்திலேயே வந்திருப்பது அதனால்தான். இரண்டையும் சவாரியிலிருந்து நிறுத்துங்கள். மைக்கோனசோலும் குளோர்ஹெக்சிடினும் கலந்த ஷாம்பூவால் வாரம் இருமுறை, வட்டத்தை மட்டும் அல்ல, உடம்பு முழுக்கக் குளிப்பாட்டிப் பத்து நிமிடம் ஊறவிட்டுக் கழுவுங்கள். பிரஷ்களை ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீரில் ஊறவையுங்கள். மருந்துக்கடையில் ஸ்டீராய்டு கலந்த கிரீம் ஒன்றைக் கையில் திணிப்பார்கள். குதிரைக்கும் வேண்டாம், பையனுக்கும் வேண்டாம். சிவப்பு அடங்கும், பூஞ்சை பரவும். பையனைத் தோல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

கேள்வி: குதிரைக்கு முடி கொட்டுது சார். நல்ல ஆயின்ட்மென்ட் சொல்லுங்க.

பதில்: எங்கே கொட்டுகிறது?

கேள்வி (செங்கல்பட்டு பக்கம், பண்ணை): ஆறு வயது ஆண் குதிரை. பிடரி மயிர் ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது, வால் எலிவால் போல ஆகிவிட்டது. உடம்பு முடி அப்படியே பளபளவென்று இருக்கிறது. அரிப்பு துளியும் இல்லை. தோல் சுரண்டிப் பார்த்தார்கள், ரத்தம் பார்த்தார்கள், எல்லாம் சரி என்கிறார்கள். காரணமே தெரியவில்லை. தீனி: கோ-4 புல், கொள்ளு, தவிடு, வேலியோரம் இருக்கும் சவுண்டல் தழை.

பதில்: கடைசிச் சொல்லைக் கடைசியில் போட்டுவிட்டீர்கள். காரணம் அதுதான் என்று நினைக்கிறேன்.

சவுண்டல், சூபாபுல், எந்தப் பெயரில் சொன்னாலும் ஒரே மரம். தழையிலும் விதையிலும் மைமோசின் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. முடியின் வேரில் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கும் செல்களை அது நிறுத்திவிடும். குதிரையின் உடம்பு முடி ஓரளவு வளர்ந்து ஓய்வெடுக்கும் முடி. பிடரியும் வாலும் இடைவிடாமல் நீள்பவை. அதனால்தான் அடி அங்கே விழுகிறது, உடம்பு பளபளப்பாக இருக்கிறது. ஆஸ்திரேலியாவில் கத்தரிக்கோல் இல்லாமல் செம்மறியின் ரோமத்தை உதிர்க்க இதே மைமோசினைக் கொடுத்துச் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள், அவ்வளவு நிச்சயமாக வேலை செய்யும் பொருள்.

இப்போது குளம்பைப் பாருங்கள். குளம்புச் சுவரில் குறுக்கே வளையம் வளையமாகக் கோடுகள் இருக்கின்றனவா? குளம்பும் முடியும் ஒரே சரக்கில் செய்தவை, ஒன்றுக்கு வந்தது மற்றதற்கும் வரும். குளம்பின் மேல் விளிம்பில் வெடிப்பும் நொண்டலும் இருந்தால் செலினியம் என்ற தாதுச் சத்து மிகையானதா என்றும் யோசிக்க வேண்டும். அது பஞ்சாபின் சில பகுதி மண்ணில் இயற்கையாகவே அதிகம். இங்கே அப்படி வந்தால் பெரும்பாலும் யாராவது சத்து மருந்தை இரட்டிப்பாகக் கொடுத்திருப்பார்கள். அப்படி ஏதும் கொடுக்கவில்லையென்றால், சவுண்டலை இன்றே நிறுத்துங்கள். வேறு மருந்தில்லை, தேவையும் இல்லை. முடி திரும்ப வரும். பிடரி மாதக்கணக்கில், வால் முழு நீளத்துக்கு இன்னும் அதிக காலத்தில்.

கோ-4 மட்டுமே புல்லாகக் கொடுப்பதையும் குறையுங்கள். அதிலுள்ள ஆக்சலேட் குதிரைக்குச் சுண்ணாம்புச் சத்தைச் சேரவிடாது. அது எலும்புக் கதை, இன்று வேண்டாம்.

கேள்வி (தருமபுரி, ஆட்டுப் பண்ணை): ஐயா மன்னிக்கணும், இது தப்பான தகவல். எங்க ஆடுக வருஷக்கணக்கா சவுண்டல்தான் தின்னுது. ஒரு முடி கொட்டலை. விவசாய அதிகாரிங்களே நடச் சொன்ன மரம். இப்படி எழுதினா ஜனங்க வெட்டிப் போட்டுருவாங்க.

பதில்: தம்பி, மரத்தை வெட்ட நான் சொல்லவில்லை. ஆட்டுக்கு நல்ல புரதத் தீவனம், கொடுங்கள். நான் பேசுவது குதிரையைப் பற்றி.

உங்கள் ஆடு தப்பிக்கும் காரணம் ஆடு அல்ல, அதன் வயிற்றில் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிர். ஆஸ்திரேலியாவில் இந்த மரத்தைத் தின்ற மாடுகள் நோயுற்றன, ஹவாயில் ஆடுகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. ரேமண்ட் ஜோன்ஸ் என்ற ஆய்வாளர் ஹவாய் ஆடுகளின் அசையூண் வயிற்று நீரை 1980களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோய் அங்குள்ள கால்நடைகளுக்குக் கொடுத்தார், நச்சுத்தன்மை நின்றது. அந்தப் பாக்டீரியாவுக்கு 1992இல் அவர் பெயரையே வைத்துச் சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை என்றார்கள். நம் ஊர் ஆடுமாடுகளின் வயிற்றில் இந்த நுண்ணுயிர் பெரும்பாலும் உண்டு. குதிரை அசைபோடும் பிராணி அல்ல. அதன் நொதித்தல் நடப்பது கடைசிக் குடலில். நஞ்சு அதற்கு முன்பே சிறுகுடலில் ரத்தத்தில் ஏறிவிடும்.

கேள்வி (அதே தருமபுரி நண்பர்): அப்ப காயவெச்சுக் கொடுத்தா? எங்க பக்கத்துல ஒருத்தர் குதிரைக்கும் காயவெச்சுத்தான் போடறார்.

பதில்: காய வைத்தால் மைமோசின் குறையும், ஒழியாது. அவர் குதிரையின் பிடரியைப் போய்த் தொட்டுப் பாருங்கள், பார்த்துவிட்டு எழுதுங்கள்.

கேள்வி (பல்லடம்): நானும் போடறேன் சார், கொஞ்சமா. ஒண்ணும் ஆகலை. சவுண்டல் இல்லாம கோடையில பச்சைக்கு எங்க போறது?

பதில்: கஷ்டம் புரிகிறது. கொஞ்சம் தின்றால் கொஞ்சம் பாதிப்பு, அது கண்ணுக்குத் தெரியாமலும் இருக்கும். சினைக் குதிரைக்கும் குட்டிக்கும் ஒரு கைப்பிடி கூட வேண்டாம். பச்சைக்கு வேலிமசால், குதிரைமசால், அறுகம்புல் இருக்கின்றன. வேலிமசாலும் சவுண்டலும் வேறு வேறு செடிகள், இலை ஒரே ஜாடை. விதை வாங்கும்போது கேட்டு வாங்குங்கள்.

கேள்வி (சென்னை, கடற்கரைக் குதிரை): எனக்கும் பிடரியும் வாலும்தான் போகுது. சவுண்டலா?

பதில்: உங்கள் படத்தில் முடி முறிந்திருக்கிறது, தோல் புண்ணாகித் தடித்திருக்கிறது. தூணில் தேய்க்கிறது, இல்லையா? இது பூச்சிக்கடி ஒவ்வாமை. கியூலிகாய்டிஸ் என்ற மிகச் சிறிய பூச்சி, ஆட்டுக்கு நீலநாக்கு நோய் பரப்புகிற அதே இனம். பொழுது சாயும்போதும் விடியும்போதும் கடிக்கும். ஈரச் சாணியிலும் சேற்றிலும் பெருகும். பறக்கும் பலம் மிகக் குறைவு, ஆகவே லாயத்தில் ஒரு பெரிய மின்விசிறி எந்தத் தைலத்தையும்விட மேல். அந்திக்கு முன் உள்ளே கட்டுங்கள், சாணியைத் தூரத்தில் கொட்டுங்கள். பெர்மெத்ரின் தெளிக்கலாம், ஆனால் லாயத்தில் பூனை இருந்தால் அது காயும்வரை அண்ட விடாதீர்கள். பூனைக்கு அது விஷம். ஐஸ்லாந்துக் குதிரைகள் சொந்த மண்ணில் இந்த நோயை அறியாதவை, ஐரோப்பாவுக்கு ஏற்றுமதியானதும் மற்ற எதையும்விட மோசமாக அவதிப்படுகின்றன. குதிரையின் குற்றமல்ல, நீங்கள் வளர்த்த விதமும் அல்ல.

கேள்வி: என் குதிரைக்கும் முடி உதிருது, ஃபோட்டோ போட்டிருக்கேன். மருந்து?

பதில்: எங்கே, அரிப்பு, பக்கத்துக் குதிரை, தீனி. மேலே எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கொடைக்கானல்): மழை தொடங்கியதிலிருந்து முதுகிலும் பிட்டத்திலும் பொருக்கு. பிய்த்தால் முடி குச்சி குச்சியாக நட்டுக்கொண்டு வருகிறது.

பதில்: டெர்மட்டோபைலஸ் என்ற பாக்டீரியா, மழை நோய். நனையாமல் கட்டுங்கள். குளோர்ஹெக்சிடின் ஷாம்பூவில் பொருக்கை ஊறவைத்து இளகியதை மட்டும் எடுங்கள். காய்ந்ததைப் பிய்த்தால் வலிக்கும், உதைக்கும். எடுத்த பொருக்கைத் தரையில் போடாமல் எரியுங்கள். எண்ணெய் தடவாதீர்கள், ஈரம் அடியில் அடைபடும்.

கேள்வி (மதுரை): பழைய இன்ஜின் ஆயில் தடவினால் எல்லாச் சொறியும் போகும் என்கிறார்கள்.

பதில்: தோல் வெந்துபோகும். வேண்டவே வேண்டாம்.

கேள்வி (அந்தியூர் பக்கம்): காலில் பேன், சொறி இரண்டும் இருக்கு. கிடாய்க்கு வாங்கின அமிட்ராஸ் பாட்டில் பாதி மிச்சம். கலந்து ஊத்தலாமா?

பதில்: ஊற்றாதீர்கள். இதற்காகத்தான் முதலிலேயே சொன்னேன்.

அமிட்ராஸ் ஆட்டிலும் மாட்டிலும் நாயிலும் நல்ல உண்ணி மருந்து. குதிரையில் அது குடலை அசையவிடாமல் நிறுத்திவிடும். சாணி இறுகி அடைத்து வயிற்றுவலி கண்டு, புரண்டு புரண்டு செத்த குதிரைகள் உண்டு. பாட்டிலில் ‘உண்ணிக்கு’ என்று மட்டும் பார்த்து வாங்குகிறோம், எந்தப் பிராணிக்கு என்று பார்ப்பதில்லை. ஆடி மாதக் குருநாதசாமி கோயில் சந்தைக்குக் குதிரை கொண்டுபோகிறவர்கள் தயவுசெய்து இதைப் பக்கத்தில் கட்டியிருப்பவருக்கும் சொல்லுங்கள். பேனுக்குப் பெர்மெத்ரின், இரண்டு வாரம் கழித்து மறுபடியும். முதல் முறை ஈர் சாகாது. சொறிப்பூச்சி உறுதியானால் ஐவர்மெக்டினை வாய்வழிப் பசையாக, எடை பார்த்து, மருத்துவர் சொல்லிக் கொடுங்கள். மாட்டு ஊசியைக் குதிரைக்குப் போடாதீர்கள், ஊசி போட்ட இடம் அழுகியதைப் பார்த்திருக்கிறேன்.

கேள்வி (சென்னை): பந்தயத்திலிருந்து ஓய்வு பெற்ற குதிரை. கண்ணைச் சுற்றியும் முகத்திலும் முடி மெலிகிறது, தோல் உலர்ந்து செதில் விடுகிறது. வெயிலில் மூச்சு வாங்குகிறது.

பதில்: வியர்க்கிறதா? ஓடிவிட்டு வந்தும் உடம்பு காய்ந்தே இருந்தால் இது தோல் நோயே அல்ல, வியர்வை நின்றுபோன நோய். வெப்பமும் புழுக்கமும் உள்ள ஊர்களில் வரும். தண்ணீர் ஊற்றி, விசிறி வைத்து, வேலையை விடியற்காலைக்கு மாற்றுங்கள். குதிரை மருத்துவர் நேரில் பார்க்க வேண்டும், வெயில் ஏறுவதற்குள்.

கேள்வி: எங்க லேப்ரடாருக்கு முடி கொட்டுது...

பதில்: நாய் மருத்துவரிடம் போங்கள்.

கேள்வி (ஊர் குறிப்பிடவில்லை): வடக்கிலிருந்து போன மாதம் வாங்கிய குதிரை. பின்னங்கால் உட்பக்கம் வரிசையாக முடிச்சு முடிச்சாகக் கட்டி, இரண்டு உடைந்து தேன் நிறத்தில் வடிகிறது. மூக்கிலும் சளி. அங்கே மட்டும் முடி போயிருக்கிறது.

பதில்: கையை எடுத்துவிட்டு முதலில் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். வேறு நோயாகவும் இருக்கலாம், ஆனால் இது கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியாத் தொற்று இல்லை என்று தெரியும்வரை கிளாண்டர்ஸ் என்றே நடந்துகொள்ளுங்கள். மனிதருக்குத் தொற்றும், உயிருக்கே ஆபத்து. 2006 முதல் நம் நாட்டில் மறுபடியும் தலைகாட்டுகிறது. குதிரையைத் தனியே கட்டுங்கள், அதன் வாளி வேறு குதிரைக்கு வேண்டாம், கட்டியை அழுத்தாதீர்கள், பிள்ளைகளை விடாதீர்கள். இன்றே அரசுக் கால்நடை மருத்துவருக்குச் சொல்லுங்கள்; ரத்த மாதிரி ஹிசாரில் உள்ள தேசியக் குதிரை ஆராய்ச்சி மையத்தில் பரிசோதிக்கப்படும். அறிவிக்க வேண்டிய நோய், மறைப்பது சட்டப்படியும் குற்றம். குதிரை போய்விடுமோ என்று பயப்படுகிறீர்கள், தெரிகிறது. வீட்டில் இருப்பவர்களை நினையுங்கள்.

கேள்வி (ஊட்டி, வேறொருவர்): சினைக் குதிரைக்குப் படர்தாமரை. கிரிசியோபுல்வின் மாத்திரை கொடுக்கலாமா?

பதில்: கூடாது, வயிற்றுக் குட்டி ஊனமாகலாம். மேலே சொன்ன ஷாம்பூ போதும்.

கேள்வி (பல்லடம், முன்பு கேட்டவர்): சார், என் குதிரை வால் அடியை மட்டும் சுவரில் தேய்க்குது. பிடரி நல்லாருக்கு. கொஞ்சம் சவுண்டல் போட்டதாலயா?

பதில்: இல்லை, அது அரிக்காது. வாலை ஒதுக்கி ஆசனவாயைச் சுற்றி மஞ்சள் வெள்ளையாகப் பசை காய்ந்த மாதிரி படிந்திருக்கிறதா பாருங்கள். இருந்தால் ஊசிப்புழு முட்டை. சாணியில் தேடினால் கிடைக்காது. செல்லோடேப்பை அங்கே ஒட்டி எடுத்துக் கண்ணாடி வில்லையில் ஒட்டிக் கால்நடை மருந்தகத்துக்குக் கொண்டுபோங்கள், காலையில் அந்த இடத்தைக் கழுவும் முன்.