அடிச்சட்ட வலுவூட்டிகளைப் பற்றவைக்கும் முன்

கேள்வி: தனி அடிச்சட்டம் இல்லாத என் பழைய காரில், முன் பின் துணைச்சட்டங்களை (சக்கர அமைப்புகளைத் தாங்கும் சிறு சட்டங்களை) இணைக்கும் எஃகுத் தண்டுகளை வெல்டிங் செய்யவிருக்கிறேன். காரை லிஃப்டில் ஏற்றிச் செய்யலாமா?

பதில்: செய்யலாம், ஆனால், உடற்பகுதியைத் தாங்கிச் சக்கரங்களைத் தொங்கவிடும் லிஃப்ட் கூடாது. அந்நிலையில் உடற்பகுதி சற்றே வளைந்திருக்கும் என்பதால், பற்றவைத்ததும் அவ்வளைவு நிலைத்துப்போய், கதவுகள் சரியாகப் பொருந்தாமல் போகக்கூடும். ஆகவே, முழு எடையும் சக்கரங்களின் மீதே இருக்குமாறு சமதளத்திலோ, சக்கரங்கள் நிற்கும் மேடையுள்ள லிஃப்டிலோ நிறுத்தி, கதவுகள் தடையின்றி மூடுவதை உறுதிசெய்த பின்னரே முதல் பற்றவைப்புப் புள்ளியை வையுங்கள். உலோகம் பளிச்சிடும்வரை பெயின்ட்டைச் சுரண்டி, இடமும் வலமும் மாறிமாறிச் சிறு நீளங்களாகப் பற்றவைத்தால், வெப்பத்தால் தகடு கோணுவது குறையும். பேட்டரி இணைப்பைக் கழற்றி, உள்ளே தரைவிரிப்பை அகற்றி, எரிபொருள் குழாய்களை விலக்கி வைப்பதில் தயவுசெய்து அலட்சியம் வேண்டாம். உள்ளே பற்றும் தீ, அடியில் வேலை செய்பவரின் கண்ணுக்குத் தெரியாது. தீயணைப்பானுடன் ஒருவர் அருகில் இருக்கட்டும். ஆறியபின் துருத்தடுப்புப் பூச்சு அவசியம்.