ஏற்காட்டிலிருந்து இரண்டு முறை இறங்கினால் போதுமா?

வணக்கம். தேய்ந்துபோன பற்கள் அனைத்துக்கும் உறை போட, வாய்க்குள் படமெடுத்தே பற்களை அளவெடுக்கும் ஸ்கேனர் இருப்பதால் தங்கள் தந்தை ஏற்காட்டிலிருந்து இரண்டு முறை வந்தால் போதும் என்று சேலத்து மருத்துவர் சொன்னதை நம்பலாமா எனக் கேட்டிருந்தீர்கள்.

அளவெடுக்கும் பசையை வாயில் வைத்துக்கொண்டு குமட்டலோடு காத்திருக்கும் அவதி ஸ்கேனரால் குறையும் என்பது உண்மைதான். ஆனால் பற்களின் உயரத்தைக் கூட்டும்போது தாடை மூட்டும் தசைகளும் அதை ஏற்கின்றனவா என்பதைக் கணினித் திரை சொல்லாது. ஆகவே திரையில் வடிவமைத்த பற்களை முதலில் அக்ரிலிக்கில் கடைந்து தற்காலிகமாகப் பொருத்தி, சில வாரங்களாவது சாப்பிட்டுப் பேசிப் பார்த்து, காலையில் கன்னம் வலிக்கிறதா, 'ச' ஒலிக்கும்போது பற்கள் இடிக்கின்றனவா என்று கவனித்துத் திருத்திய பின்னரே, அதே வடிவத்தை மீண்டும் ஸ்கேன் செய்து ஸிர்கோனியா என்ற கடினமான பீங்கான் வகையில் நிரந்தர உறைகளாகச் செய்வது நல்லது. இந்தக் கட்டம் உண்டா என்று அவரிடம் கேளுங்கள்; தந்தைக்கு உறக்கத்தில் பல் கடிக்கும் பழக்கம் இருந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். 20 கொண்டை ஊசி வளைவுகளும் சிரமந்தான், ஆயினும் இரண்டு வருகையில் முடிகிற வேலையாக எனக்குத் தோன்றவில்லை.