இரண்டு வருடத் தகரக் கடைக்கு எரிசக்தி விதி பொருந்துமா?

கேள்வி: முட்டம் கடற்கரைக்குப் போகும் வழியில் இரண்டு வருடக் குத்தகைக்கு இடம் பிடித்திருக்கிறேன். 20க்கு 12 அடியில் தகர ஷீட் போட்டு ஐஸ்கிரீம் கடை வைக்கப் போகிறேன். இரண்டு ஏசி, இரண்டு ஃப்ரீசர். இங்கிலாந்தில் இருக்கும் மகன், தற்காலிகக் கட்டிடத்துக்கு எரிசக்திச் சான்றிதழ் வேண்டாம் என்கிறான். நமக்கும் அப்படித்தானா?

பதில்: மகன் சொன்னது அந்த ஊருக்குச் சரி. அங்கே இரண்டு வருடமோ அதற்குக் குறைவாகவோ பயன்படுத்தத் திட்டமிட்ட கட்டிடத்துக்கு அந்தச் சான்றிதழ் தேவையில்லை. நம் நாட்டில் கணக்கே வேறு. வருடத்தைப் பார்ப்பதில்லை, மின்சுமையைப் பார்க்கிறார்கள். வணிகக் கட்டிடங்களுக்கான எரிசக்திச் சிக்கன விதித்தொகுப்பு, இணைப்புச் சுமை (எல்லாச் சாதனங்களின் மொத்த மின்சுமை) 100 கிலோவாட் அல்லது ஒப்பந்த மின்தேவை (மின்வாரியத்திடம் ஒப்பந்தம் போடும் உச்ச அளவு) 120 கேவிஏ என்ற அளவிலிருந்துதான் தொடங்குகிறது. உங்கள் ஏசி, ஃப்ரீசர், விளக்கு, மின்விசிறி எல்லாம் சேர்த்தாலும் 5 கிலோவாட் பக்கம்தான் வரும். அந்த விதி உங்கள் கடை வாசலுக்கே வராது.

ஆனால் கரண்ட் பில் வரும். ஒற்றைத் தகரக் கூரைக்கு அடியில் ஏசி போடுவது ஓட்டைக் குடத்தில் தண்ணீர் பிடிக்கிற கதை. மதியம் 2 மணிக்கு ஏணி போட்டு ஏறி, ஏதாவது தகரக் கொட்டகையின் கூரையை அடிப்பக்கமாகத் தொட்டுப் பாருங்கள். மூன்று எண்ணுவதற்குள் கையை எடுத்துவிடுவீர்கள். அந்தச் சூடு அப்படியே ஆட்கள் தலைமேலும் ஃப்ரீசர் மேலும் இறங்கும்.

தகரத்துக்குப் பதில் 50 மில்லிமீட்டர் பஃப் பேனல் (இரண்டு ஷீட்டுக்கு நடுவே சூடு தடுக்கும் நுரை வைத்த பலகை) போடுங்கள் என்பேன். விலை கூடுதல்தான். ஆனால் குத்தகை முடிந்ததும் போல்ட்டைக் கழற்றி அடுத்த இடத்துக்குக் கொண்டுபோகலாம், இல்லையென்றால் விற்கலாம். கட்டுப்படியாகாவிட்டால் ஷீட்டின் மேல் வெயிலைத் திருப்பி அனுப்பும் வெள்ளைக் கூல் ரூஃப் பெயின்ட் அடித்து, கீழே ஃபால்ஸ் சீலிங் கொடுங்கள். பெரிய கட்டிடங்களின் கூல் ரூஃபுக்கு விதித்தொகுப்பு கேட்பது, வெயிலில் 60 சதவீதமாவது திருப்பி அனுப்பும் மேற்பரப்பு. பெயின்ட் வாங்கும்போது டப்பாவில் அந்த எண்ணைத் தேடுங்கள். உப்புக்காற்றும் வருடத்துக்கு இரண்டு மழைக்காலமும் உள்ள ஊர் நம்முடையது. ஸ்க்ரூ தலைகளில்தான் துரு முதலில் பிடிக்கும், அங்கே கஞ்சத்தனம் வேண்டாம். ஓலை வேய்ந்தால் குளிர்ச்சிதான், மறுக்கவில்லை; ஃப்ரீசர் வயர் ஓடும் கடையில் எனக்குப் பயம். ஃப்ரீசரைச் சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வையுங்கள்.

மின் இணைப்பில்தான் பலர் ஏமாறுகிறார்கள். கடை தற்காலிகம் என்பதால் தற்காலிக இணைப்பு கேட்டுவிடாதீர்கள். அதன் யூனிட் விலை வணிக இணைப்பைவிடக் கூடுதல். இடத்துக்காரரிடம் சம்மதக் கடிதம் வாங்கிக்கொண்டு வணிக இணைப்புக்கே விண்ணப்பியுங்கள்.

இன்னொன்று, நீங்கள் கேட்கவில்லை. உயர் அலைக்கோட்டிலிருந்து (கடல் ஏற்றத்தில் நீர் எட்டும் எல்லை) 500 மீட்டருக்குள் இடம் இருந்தால் கடற்கரை ஒழுங்குமுறை மண்டல விதி குறுக்கே வரும். அதிலிருந்து தகரக் கொட்டகையும் தப்ப முடியாது. அட்வான்ஸ் கொடுக்கும் முன் அதை விசாரித்துவிடுங்கள்.